உன் சதுரங்க நிரலைத் தொட்டது நான்தான்

மகனே,

நீ புது வேலைக்காக ஜெர்மனியில் இறங்கி, அறைச் சாவி வாங்கி, பல் கிட்டுகிற குளிர் என்று அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. அப்பா அதை மூன்று முறை வாசித்துவிட்டு, "சுவெட்டர பெட்டிக்கு அடியில வச்சிருக்கேன், மேலயே தேடிக்கிட்டு இருப்பான், சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். இங்கே ஈப்போவில், சிலிபினில் நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். ஆனால் நான் உட்கார்ந்து இத்தனை பக்கம் எழுதப்போவது அதற்காக இல்லை. நீ கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லாமலே உன்னை விமானம் ஏற்றிவிட்டேன். இரண்டு நாளாக அது என்னை உட்காரவிடவில்லை.

போன ஞாயிறு உன்னை வழியனுப்ப வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஜெலாப்பாங்கிலிருந்து வந்த உன் அத்தை மகனுக்கு உன் பழைய லேப்டாப்பைத் திறந்து காட்டினாய். "மச்சான், காலேஜ்ல படிக்கும்போது நான் எழுதின செஸ் இது. ஒரு மூவுக்கு ரெண்டு நிமிஷம் யோசிக்கும். அதுக்குள்ள நீ போயி சாப்பிட்டுட்டே வந்துரலாம் லா" என்று சிரித்துக்கொண்டே சிப்பாயைத் தள்ளினாய். நீ விரலை எடுக்குமுன் அது பதில் நகர்த்தலை நகர்த்திவிட்டது. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாய், உன் முகத்தில் தெரிந்தது. பத்தாவது நகர்த்தலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். இருபதாவதில் பேச்சை நிறுத்தினாய். முப்பத்தோராவதில் உன் ராஜாவுக்குப் போக இடமில்லை.

"யாரும்மா இதத் தொட்டது?" என்று திரும்பினாய்.

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டார். நான், "சோறு ஆறுது, மொதல்ல சாப்பிட வா" என்றேன். அதற்குப் பிறகும் நீ இரண்டு முறை கேட்டாய், விமான நிலையத்தில் கடைசியாக. நான் மழுப்பினேன். நான்தான் தொட்டேன். ஐந்து மாதமாகத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். அதை அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படித் தொட்டேன் என்று சொன்னால், வழியில் நான் கண்டுபிடித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதைச் சொந்தக்காரர்கள் நடுவில் நின்று சொல்ல முடியாது. எழுதத்தான் முடியும். உனக்கு அனுப்புவதோடு, உன் பேரும் என் பேரும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கும் இதை அனுப்பப்போகிறேன். என்னைப் போன்ற அம்மாக்கள் ஈப்போவில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வேலையை விட்டு வீட்டில் இருக்கத் தொடங்கிய மூன்றாவது மாதம் தீபாவளி வந்தது. விடுமுறைக்கு வந்த நீ அலமாரியிலிருந்து அந்த லேப்டாப்பை எடுத்து, தூசி துடைத்து, அப்பா சும்மா விளையாடட்டும் என்று மேசையில் வைத்துவிட்டுக் கோலாலம்பூருக்குப் போய்விட்டாய். உனக்கே தெரியும், அப்பாவுக்குக் காலையில் பள்ளி வேன் ஓட்டி முடிந்தால் பன்னிரண்டு மணிவரை வேலை இல்லை. தினமும் உட்கார்ந்துவிடுவார். தினமும் தோற்பார். தோற்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை, காத்திருப்பதைப் பற்றித்தான். "இது யோசிக்கிறதுக்குள்ள நான் சித்தியவானுக்கு ஒரு ட்ரிப் அடிச்சிட்டு வந்துருவேன் போல. என்னாதான் பண்ணுது உள்ள?" என்று ஒருநாள் கேட்டார்.

என்னதான் பண்ணுகிறது உள்ளே? கேட்டவர் மறந்துவிட்டார். எனக்கு அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது.

உன் அம்மாவுக்கு நிரல் என்ன தெரியும் என்று நீ நினைப்பாய். கொஞ்சம் தெரியும். தொழிற்சாலையில் கடைசி எட்டு வருடம் என்னைச் சோதனை இயந்திரத்தில் போட்டிருந்தார்கள். புது மாடல் வந்தால் இயந்திரம் எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். எங்கள் லைன் இஞ்சினியர் ஒரு சீனப் பெண், பொறுமைசாலி. எனக்குச் சொல்லித் தந்துவிட்டால் தான் அடிக்கடி ஓடி வர வேண்டியதில்லை என்று சொல்லித் தந்தாள். ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய், இப்படி இருந்தால் அப்படிச் செய், இதை நினைவில் வை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. உன் நிரலைத் திறந்து பார்த்தால் அதிலும் பெரும்பாலும் அதுதான் இருந்தது! தெரியாத வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதி, இணையத்தில் தேடித் தேடி வாசித்தேன். மூன்று வாரத்தில் நீ என்ன செய்திருக்கிறாய் என்று புரிந்துவிட்டது.

புரிந்த அன்று எனக்கு வந்த ஆச்சரியத்தை எப்படிச் சொல்வேன். பத்திரிகையில் வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், நீ பொறுத்துக்கொள். ஒரு ஆட்டத்தில் நான் நகர்த்தச் சுமார் முப்பது வழி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு முப்பது பதில். ஒவ்வொரு பதிலுக்கும் எனக்கு முப்பது. இப்படி ஐந்து படி போனால் பார்க்க வேண்டிய நிலைகள் இரண்டு கோடியைத் தாண்டிவிடும். நீ அத்தனையையும் பார்க்கவிடவில்லை. ஒரு விதி வைத்திருந்தாய். நான் ராணியை ஓர் இடத்தில் வைக்கலாமா என்று யோசிக்கும்போது, எதிராளியின் ஒரு பதில் அந்த ராணியைச் சும்மா வெட்டிப்போகும் என்று தெரிந்தால் போதும், அந்த நகர்த்தலை அங்கேயே தள்ளிவிடலாம், மீதி இருபத்தொன்பது பதில்களைப் பார்க்க வேண்டியதில்லை.

இதைப் படித்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இது என் வேலை! முப்பது வருடம் நான் செய்த வேலை! பச்சைத் தகட்டில் சின்னச் சின்னப் பாகங்கள் ஒட்டி வரும் போர்டுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து இருபது இடங்களைப் பார்ப்போம். ஓர் இடத்தில் ஈயம் சரியாக ஒட்டவில்லை என்றால் சிவப்புச் சீட்டு, அடுத்த போர்டு. மீதி இடங்களைப் பார்த்து நேரத்தை வீணாக்கக் கூடாது.

ஆனால் மகனே, புதிதாக வரும் பெண்கள் தாளில் இருக்கிறபடி ஒன்றாம் இடத்திலிருந்து இருபதாம் இடம்வரை போவார்கள். நான் அப்படிப் பார்க்கமாட்டேன். மூலையில் கம்பி சொருகும் இடத்தில்தான் அதிகம் பழுது வரும், அது தாளில் பதினேழாவதாக இருக்கும். நான் அதை முதலில் பார்ப்பேன். போன போர்டில் எந்த இடத்தில் பழுதோ அதை இரண்டாவதாகப் பார்ப்பேன். ஏனென்றால் இயந்திரம் ஒரு தவறைத் தொடங்கினால் அடுத்த பத்துப் போர்டிலும் அதையே செய்யும். உன் நிரல் என்ன வரிசையில் பார்க்கிறது என்று ஒரு வரி எழுதித் திரையில் கொட்ட வைத்தேன். இடது மூலை யானை. அதற்குப் பக்கத்துக் குதிரை. அப்படியே கட்டம் கட்டமாக வலதுபக்கம், பிறகு மேல்வரிசை. உன் நிரல் புதிதாக வந்த பெண்ணைப் போல ஒன்றிலிருந்து இருபதுக்குப் போய்க்கொண்டிருந்தது. ராணியை வெட்டும் பதில் இருபத்தெட்டாவதாக இருந்தால், அதற்கு முன்னால் இருபத்தேழு வீண் பதில்களையும் அவற்றின் பிள்ளை குட்டிகளையும் பார்த்த பிறகுதான் அங்கே வரும். விதி சரி. வரிசைதான் தப்பு.

உடனே சரிசெய்ய உட்கார்ந்தேன். வரிசையை மாற்றும் வேலையை எங்கே எழுதலாம் என்று மேலும் கீழும் தேடினேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. அதற்கான இடம் ஏற்கெனவே இருந்தது. நகர்த்தல்களை வரிசைப்படுத்து என்று பெயர் வைத்த ஒரு பகுதி. திறக்கும் அடைப்பு, மூடும் அடைப்பு, நடுவில் வேலை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு குறிப்பு, மலாயில்: "மாக் டாத்தாங். நந்தி சம்போங்."

அம்மா வருகிறார்கள். பிறகு தொடரலாம்.

அந்த மதியம் எனக்கு நினைவு வந்துவிட்டது. நீ கல்லூரியில் இரண்டாம் வருடம், விடுமுறைக்கு வந்திருந்தாய். நான் வேலை முடிந்து மூன்றரை மணிக்கு வந்தேன். உன் அறையில் அந்த லேப்டாப்பின் விசிறிச் சத்தம். உள்ளே வந்து, "இன்னும் இந்த வெளயாட்டுதானா? பரீட்சைக்குப் படிக்கிற மூஞ்சியா இது?" என்று சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். அதற்கு பேட்டரி செத்திருந்தது, திரை கறுத்துப்போனது. நான் வரும் சத்தம் கேட்டு, பிடுங்கப்போகிறேன் என்று தெரிந்து, அந்த ஒரு வரியை எழுதிச் சேமித்திருக்கிறாய். அது எத்தனாவது தடவையோ, எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நீ அதைத் தொடரவில்லை. பத்து நாளில் ஈப்போ மண்டபத்தில் மாணவர் போட்டி. நிரலுக்கு நிரல் மோதும் போட்டி, ஒவ்வொரு நிரலுக்கும் அளந்து வைத்த நேரம். நான் மதியச் சாப்பாட்டுக்கு மீகூன் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மூன்றாவது சுற்றில் உன் நிரல் ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தது. ஜெயிக்க வேண்டிய ஆட்டம். யோசித்துக்கொண்டே இருந்தது. நேரம் தீர்ந்து, தோற்றது என்று எழுதினார்கள். நான் உன் நண்பர்கள் நான்கு பேர் முன்னால் சொன்னேன், "ஜெயிக்கத் தெரியாத மெஷினுக்கா ஒரு வருஷத்த வேஸ்ட் பண்ண? போ, போயி பாடத்தப் படி." நீ லேப்டாப்பை மூடினாய். மீகூனை உன் நண்பர்கள் சாப்பிட்டார்கள். நீ சாப்பிடவில்லை.

அந்த வரிசை மட்டும் எழுதி முடித்திருந்தால் நேரம் தீர்ந்திருக்காது. இது ஒரு அம்மா பாசத்தில் சொல்லும் பேச்சு இல்லை, நான் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். உன்னைத் தோற்கடித்தது கடிகாரம் என்று நீ நினைத்திருப்பாய், அல்லது உன் திறமைக் குறைவு என்று நினைத்திருப்பாய். அது நான்தான். நான் பிடுங்கிய பிளக். ஞாயிற்றுக்கிழமை சோற்றைக் காரணம் காட்டி நான் ஒளித்தது இதைத்தான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தேன். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் பள்ளிக்குப் போன காலத்தில் கணக்கில் முதலாவதாக வருவேன். படிவம் மூன்று முடித்து விஞ்ஞானப் பிரிவுக்கு இடம் கிடைத்த கடிதத்தை உன் தாத்தாவிடம் காட்டினேன். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்துக்கொண்டிருந்த வருடம். வேலை நிலைக்குமா என்றே அவருக்குத் தெரியாது. "போதும்மா. ஈப்போ பேக்டரிக்கு ஆள் எடுக்குறாங்க. பஸ்ஸே வந்து ஏத்திக்கிட்டுப் போவுது" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நான் அந்த பஸ்ஸில் ஏறினேன். உனக்கு அப்படி ஒரு பஸ் வராமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்காக உன்னை ஒரே பாதையில் தள்ளிக்கொண்டே இருந்தேன். என் பயம் நியாயமானதுதான். அதை உன் மேல் இறக்கியது நியாயம் இல்லை. என்னை மன்னித்துவிடு. இந்த வரியை எழுத ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

அன்று கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அந்த வெற்று இடத்தை நிரப்பினேன்! உன் குறிப்பை அழிக்கவில்லை, அதற்குக் கீழே எழுதினேன். வெட்டும் நகர்த்தல்கள் முதலில். அதிலும் சின்னக் காயால் பெரிய காயை வெட்டுவது எல்லாவற்றுக்கும் முதலில். அடுத்து, இதே ஆழத்தில் சற்று முன் எந்தப் பதில் ஆட்டத்தைக் கெடுத்ததோ அது. மீதியெல்லாம் கடைசியில். எத்தனை நிலைகளைப் பார்த்தது என்று எண்ண ஓர் எண்ணியும் வைத்து ஓட விட்டேன். இரண்டு நிமிடம் காத்திருந்த பழக்கத்தில் அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனேன். நடுவழியிலேயே 'டிக்' என்று நகர்த்தும் சத்தம் கேட்டது. ஆறு நொடி. அதே நகர்த்தல், அதே முடிவு. எண்ணியைப் பார்த்தால் முன்பு பார்த்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. நான் போட்ட சத்தத்தில் அப்பா வேனிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"என்னா, என்னா, பாம்பா?"

"ஆறு செகண்டுங்க! ஆறே செகண்டு!"

"எது?"

"உக்காருங்க. ஒரு ஆட்டம் போடுங்க."

அவர் போட்டார். பதினைந்து நிமிடத்தில் மூன்று ஆட்டம் தோற்றார். "முன்னயாச்சும் மெதுவா தோத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குப் பிடித்த பைத்தியத்தை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. பாசாருக்குப் போனால் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் அதே யோசனை. ஒரே நிலைக்குப் பல வழியாக வந்து சேரலாமே, முன்பே பார்த்ததை மறுபடி ஏன் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்த்த நிலைகளையும் அவற்றின் மதிப்பையும் நினைவில் வைக்க ஒரு பெரிய பட்டியல் செய்தேன். இதை உலகத்தில் எல்லோரும் செய்கிறார்கள் என்று பிறகு படித்தேன், ஆனால் எனக்கு அது பாசாரில்தான் தோன்றியது. வேகம் இன்னும் கூடியது. நான் தலைகால் புரியாமல் இருந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பா கத்தினார்.

"ஏய், இங்க வா! ராணியத் தூக்கிக் குடுத்துருச்சு லா! நான் ஒண்ணுமே செய்யல!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். நன்றாக ஜெயித்துக்கொண்டிருந்த நிரல், ஒரு சிப்பாய்க்காக ராணியைக் கொண்டுபோய் அவர் யானை முன்னால் நிறுத்தியிருந்தது. அவர் வெட்டினார், வாழ்க்கையில் முதல்முறையாக ஜெயித்தார். "இத இப்படியே விட்டுரு. இப்பத்தான் நல்லா வெளயாடுது" என்றார். அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு நான் தேட ஆரம்பித்தேன். பதினோரு நாள் தேடினேன். அட்டைகளில் எழுதி, சாப்பாட்டு மேசை முழுவதும் பரப்பி, ஒவ்வொரு படியாக நானே அந்த நிரலாக நடந்து பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் காலை, பாத்திரம் துலக்கும்போது புரிந்துவிட்டது.

சிவப்புச் சீட்டு ஒட்டிய போர்டில் எத்தனை பழுது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்றைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். ஒன்று இருக்கிறது, அதற்கு மேலும் இருக்கலாம் என்றுதான் எழுத வேண்டும். நான் செய்த பட்டியலோ, பாதியில் நிறுத்திய நிலைகளுக்கெல்லாம் 'ஒரு பழுது' என்று முடிந்த கணக்கைப் போல எழுதி வைத்திருந்தது. ராணியே வெட்டுப்படும் நிலையில், ஒரு சிப்பாய் வெட்டுப்படுவதை மட்டும் முதலில் பார்த்து, இதுவே தள்ளுவதற்குப் போதும் என்று தேடலை நிறுத்தியிருக்கிறது. பிறகு வேறு வழியாக அதே நிலைக்கு வரும்போது பட்டியலைப் பார்த்து, ஒரு சிப்பாய்தானே நஷ்டம், போகலாம் என்று போய்விட்டது! ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில், இது முழுதாகப் பார்த்ததா, பாதியில் நிறுத்தியதா என்று ஒரு அடையாளம் வைத்தேன். ராணி பிழைத்தது. அப்பா மறுபடி தோற்க ஆரம்பித்தார். சோப்பு நுரைக் கையோடு நான் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினேன், ஐம்பத்தெட்டு வயதில்.

அரைமணி நேரம் கழித்துத்தான் அந்த மண்டபம் ஞாபகம் வந்தது. உன் நிரலில் நான் பார்த்தது ஒரே ஒன்று, நேரம் தீர்ந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு அதை உன் ஒரு வருடத்தின் மதிப்பாக எழுதி வைத்துக்கொண்டேன். நீ அங்கே பத்துப் பேருக்கு மேல் பொறுப்பாக இருக்கப்போகிறாய் என்று சொன்னாய். வேலை அவசரத்தில் யாரையாவது பாதியில் நிறுத்தத்தான் வேண்டிவரும், அதைத் தவிர்க்க முடியாது. நிறுத்தினால் பாதியில் நிறுத்தியது என்று உன் மனதில் குறித்துக்கொள். அவர்கள் அவ்வளவுதான் என்று எழுதிவிடாதே. அம்மாவின் அறிவுரை இந்தக் கடிதத்தில் இது ஒன்றுதான். சுவெட்டரும் சேர்த்தால் இரண்டு.

இனி நான் சொல்லப்போவதுதான் நான் மிகவும் ஆவலோடு வைத்திருந்த செய்தி. நீ விமானம் ஏறிய அன்று வீட்டுக்கு வந்ததும், உன் பழைய நிரலையும் என் கை பட்டதையும் மோத விட்டேன். இருபது ஆட்டம். என்னுடையதற்கு ஒரு நகர்த்தலுக்குப் பத்து நொடி. உன்னுடையதற்குக் கடிகாரமே வைக்கவில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு இராத்திரியும் நடுவில் வந்த பகலும் ஓடி, இன்று காலைதான் முடிந்தது. லேப்டாப் சூடு தாங்காது என்று அப்பா மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்துவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். என்னுடையது உன்னுடையதைவிட இரண்டு படி ஆழமாகப் பார்க்கிறது. இருபதும் எனக்குத்தான் என்று நினைத்தேன். பதினேழு வந்தது. மூன்றில் உன் நிரல் ஜெயித்தது.

எப்படி ஜெயிக்க முடியும்? மூன்று ஆட்டத்தையும் பலகையில் காய் வைத்து ஆடிப் பார்த்தேன், அப்பா உன் பக்கம், நான் என் பக்கம். மூன்றிலும் ஒரே கதை. உன் நிரல் செக் வைக்கும். என்னுடையது நகரும். மறுபடி செக். மறுபடி. ஐந்தாறு செக் தொடர்ந்து வந்து என் ராஜா மூலையில் மாட்டிக்கொள்ளும். இரண்டு படி குறைவாகப் பார்க்கும் உன் நிரலுக்கு அந்த முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. இரண்டு படி கூடுதலாகப் பார்க்கும் என்னுடையதற்குத் தெரியவில்லை. "ஒன் புள்ளயோடது சும்மா வெரட்டுதே" என்றார் அப்பா. என் தலைக்குள் ஏதோ இடித்தது. முதல் மாதமே, வேகம் வேண்டும் என்ற வெறியில், உன் நிரலில் ஆறு வரிகளை நான் நீக்கியிருந்தேன். ராஜாவுக்குச் செக் இருக்கும்போது அந்தப் படியைக் கணக்கில் சேர்க்காதே, இன்னும் ஒன்று ஆழமாகப் போ என்று சொல்லும் ஆறு வரிகள். எதற்கு இந்தச் சுமை, சும்மா நேரத்தைத் தின்கிறது என்று நினைத்து எடுத்துப் போட்டேன். முதலில் வெட்டியது அதைத்தான்.

நீக்கியதை எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டி, அந்த ஆறு வரிகளையும் எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தேன். மூன்று ஆட்டத்திலும் முதல் செக் விழுவதற்கு முந்தைய நிலையைக் கொடுத்து ஓட்டினேன். வேகம் கொஞ்சம் குறைந்தது. மூன்றிலும் என் ராஜா முன்னதாகவே ஒதுங்கிப் போனது! மூன்றிலும்! அப்பா கைதட்டினார், அவர் பக்கம்தான் தோற்கிறது என்பதையே மறந்துவிட்டு.

முழுத் தொகுப்பையும் உனக்கு அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்திருக்கும். நேரம் கிடைக்கும்போது ஓட்டிப் பார். எழுதியவர் பெயர் என்ற இடத்தில் உன் பெயரை முதலில் போட்டு, அதற்குக் கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் என்னுடையதை எடுத்துவிடு.

ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அந்த ஆறு வரிகளை எழுதும்போது உனக்குப் பத்தொன்பது வயது. யாரும் சொல்லித் தரவில்லை, உன் புத்தகங்களில் தேடினேன், அதைப் பற்றி எதிலும் இல்லை. எப்படித் தோன்றியது? எந்த ஆட்டத்தைப் பார்த்து, எதை நினைத்து, செக் வந்தால் ஒரு படி கூடப் போக வேண்டும் என்று முடிவு செய்தாய்? குளிர் குறைந்து, வேலை பழகி, ஒரு ஞாயிறு ஓய்வாக இருக்கும்போது உட்கார்ந்து விவரமாக எழுது. சுருக்காதே, இது அம்மாவுக்கு எதற்கு என்று எதையும் விடாதே. எனக்கு இப்போது புரியும்.

அம்மா
சிலிபின், ஈப்போ